விசைகள் பெருகினால் வளர்ச்சியா?

தோற்றுவாய்

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் துளைக்கருவி மனிதனின் மூச்சினால் பேசுவது. ஆதலின் அவன் குரலுக்கு மிக நெருங்கியது. புல்லாங்குழலும் நாதசுரமும் நாம் நன்கறிந்த துளைக்கருவிகள். அவற்றோடு, திருமண ஊர்வலத்தில் வரும் பேண்டு வாத்தியத்தில் நாமெல்லாம் சிறு வயது முதல் கேட்டுவரும் மற்றொரு கருவியும் உண்டு. கறுத்த மேனியும், வெள்ளிபோல் மின்னும் விசைகளும் கொண்ட கிளாரினெட்தான் அது.

இக்கருவியைப் பற்றி மாணவர்களிடையே இருவகைப் பேச்சு உண்டு. "நாதசுரத்தில் ஒரு விசைகூட இல்லை, கிளாரினெட்டிலோ பதினேழு விசைகள். எது வளர்ச்சியடைந்த கருவி என்பது பார்த்தாலே தெரியவில்லையா?" என்பார் ஒரு சாரார். "அது அந்நியக் கருவி, விசை வைத்த குழாயில் கமகம் பேசுமா?" என்பார் மறு சாரார். முன்னவர் கருவியின் உறுப்புகளை எண்ணிப் பார்க்கின்றனர். பின்னவர் அது பிறந்த ஊரைக் கேட்கின்றனர். அந்தக் கருவியைக் கொண்டு எந்த இசையை வாசிக்கப் போகிறோம் என்று இருவருமே கேட்பதில்லை. கிளாரினெட்டின் முந்நூறாண்டு வரலாற்றைப் புரட்டினால் இவ்விரு கருத்துகளும் நிலைக்கமாட்டா என்பது என் எண்ணம். அதனைச் சற்றே விரித்துரைக்க விழைகிறேன்.

பிறந்த கதை

ஜெர்மனியில் நூரெம்பர்க் என்னும் நகரம் கைவினைஞர்களுக்குப் பேர்பெற்றது. அங்கே ஜோகன் கிறிஸ்டோஃப் டென்னர் (1655-1707) என்னும் கருவிக் கைவினைஞர் வாழ்ந்தார். அந்நாளில் 'ஷாலுமோ' என்றொரு சிறு குழல் வழக்கில் இருந்தது. அதன் வாய்ப்பகுதியில் நாணல்தட்டையைச் சீவி ஒற்றை நாக்காகப் பொருத்தியிருப்பர். ஊதினால் இனிய கீழ்க்குரல் வரும். ஆனால் ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேல் அது ஏறாது. டென்னர் இந்தக் குழலைத் திருத்தி, மேலேயும் பாடவல்ல புதிய கருவியாக்கினார். 1730-ஆம் ஆண்டில் வெளிவந்த டோப்பல்மாயர் என்பாரின் நூல், அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்னரே இக்கருவியைக் கண்டுபிடித்தார் என்று குறிப்பிடுகிறது. தொடக்கக் காலக் கிளாரினெட்டில் இருந்த விசைகள் இரண்டே இரண்டுதாம். அதன் மேற்குரல் எக்காளத்தின் உச்சக் குரலை ஒத்திருந்தது. அக்குரலுக்கு இத்தாலிய மொழியில் 'கிளாரினோ' என்று பெயர். அதிலிருந்து வந்ததே கிளாரினெட் என்னும் பெயர். இதன் கீழ்ப்பகுதிக் குரலை 'ஷாலுமோ' என்றே இன்றளவும் அழைக்கின்றனர்.

ஒற்றை நாக்கு நமக்குப் புதிதன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நாதசுரத்தின் சீவாளி இரட்டை நாக்கு. பாம்பாட்டியின் மகுடிக்குள் இருப்பதோ ஒற்றை நாக்கு. ஒலி பிறக்கும் முறையால் நோக்கினால், மகுடியும் கிளாரினெட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை!

விசைகள் ஏன் வந்தன?

இயற்பியல் பயில்வோர் யாவரும் ஆய்வுக்கூடத்தில் ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பச் சோதனையைச் செய்திருப்பர். நீர் நிரம்பிய குழாயின் வாயருகே இசைக்கவையை அதிரவிட்டு, நீர்மட்டத்தைச் சிறிது சிறிதாக இறக்குகிறோம். குறிப்பிட்ட ஓர் ஆழத்தில் ஓசை பெருகுகிறது. அடுத்த முறை பெருகும்போது ஆழம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஒரு முனை மூடிய குழாய் ஒற்றைப்படைச் சீரிசைகளையே விரும்பும் என்று இதற்கு விளக்கம் எழுதி மதிப்பெண்ணும் பெற்றுவிடுகிறோம். கிளாரினெட்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு சோதனைக்குள் அடங்கியிருக்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

கிளாரினெட்டின் உட்துளை பெரும்பாலும் ஒரே விட்டமுள்ள நீண்ட உருளை. நாக்குப் பொருத்திய முனை மூடிய முனைபோல் செயல்படுகிறது. ஆகவே அதன் அடுத்த சுரம் இரண்டு மடங்கு அதிர்வெண்ணில் வருவதில்லை. மூன்று மடங்கில் வருகிறது. நம் இசை மொழியில் சொன்னால், கீழே ஸட்ஜம் ஊதிய அதே விரலடைப்பில் கட்டைவிரல் விசையைத் திறந்தால் மேல் ஸட்ஜம் வராது; அதையும் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமம் பேசும். நாதசுரத்தின் துளை கூம்பு வடிவானது. புல்லாங்குழல் இருமுனையும் திறந்த குழாயைப் போன்றது. அவ்விரண்டிலும் ஒரே விரலடைப்பில் அழுத்தி ஊதினால் அடுத்த ஸ்தாயியில் அதே சுரம் கிடைத்துவிடும்.

இதனால் விளைவது என்ன? பன்னிரண்டு சுரத்தானங்களுக்கு வழிசெய்துவிட்டால் நாதசுரத்திற்கும் புல்லாங்குழலுக்கும் அடுத்த ஸ்தாயி தானே அமைகிறது. கிளாரினெட்டுக்கோ கீழிருந்து பத்தொன்பது சுரத்தானங்களுக்கு வழிசெய்தால்தான் மேற்பகுதியோடு இடைவெளியின்றி இணைய முடியும். வாசிப்பவருக்கு வலக் கட்டைவிரல் கருவியைத் தாங்கப் போய்விடுகிறது. எஞ்சியவை ஒன்பது விரல்களே. ஒன்பது விரல்களால் பத்தொன்பது சுரங்களை ஆள வேண்டுமானால் விரல் எட்டாத துளைகளை மூடித்திறக்க விசை வேண்டும்.

இதே மூடிய குழாயின் இயல்பால் கிளாரினெட்டுக்கு ஒரு பேறும் கிட்டியது. ஏறத்தாழ தன்னளவே நீளமுள்ள மேனாட்டுப் புல்லாங்குழலைவிட அது ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கிப் பாடும். அந்த ஆழ்ந்த குரலுக்காக அது கொடுத்த விலையே விசைகள். கால் ஊனமுற்றவன் கைத்தடி ஊன்றுவதைக் கண்டு, "என்னிடம் தடியில்லையே, நான் பின்தங்கியவன்" என்று நன்றாக நடப்பவன் வருந்துவானா? நாதசுரத்திற்கு விசை இல்லாததைக் குறையாகக் கொள்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

குறைந்த விசையும் நிறைந்த இசையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளாரினெட்டில் ஐந்து விசைகள் இருப்பது வழக்கமாயிற்று. ஜெர்மனியின் மான்ஹைம் நகர அரசவை வாத்தியக் குழுவில் அது இடம்பெற்றிருந்தது. 1778-ஆம் ஆண்டு அங்குச் சென்ற மொஸார்ட், நம் ஊரிலும் கிளாரினெட்டுகள் இருக்கக் கூடாதா என்று ஏங்கித் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். பின்னர் வியன்னாவில் ஆண்டன் ஸ்டாட்லர் என்னும் கலைஞரின் வாசிப்பில் மனம் பறிகொடுத்து, அவருக்காகவே கிளாரினெட் கான்செர்ட்டோவை இயற்றினார். அது முடிவுற்றது 1791-ஆம் ஆண்டு இலையுதிர் காலம். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் மொஸார்ட் மறைந்தார். இன்றைய கிளாரினெட்டோடு ஒப்பிட்டால் ஸ்டாட்லரின் கருவியில் விசைகள் மிகச் சிலவே. கீழ்ச் சுரங்களுக்காகச் சற்று நீட்டப்பெற்றிருந்தது. ஆயினும் அக்கருவிக்கென எழுந்த இசை இன்றும் உலகெங்கும் ஒலிக்கிறது. கருவி வளர்ந்த பின்னர்தான் இசை உயரும் என்பதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாரிசில் ஒரு தீர்ப்பு

விசை குறைந்த கருவியில் ஓர் இடர்ப்பாடு இருந்தது. சில சுருதிகளில் விரல்கள் தடுமாறும். ஆகவே ஏ, பி-பிளாட், சி எனப் பலவகைச் சுருதிக் கிளாரினெட்டுகளைக் கலைஞர்கள் கையோடு கொண்டுசென்றனர். இவான் முல்லர் (1786-1854) என்பவர், ஒரே கருவியில் எல்லாச் சுருதிகளையும் வாசிக்க இயலும் என்று பதின்மூன்று விசைகள் கொண்ட கிளாரினெட்டை உருவாக்கினார். துளையை ஒலி கசியாமல் மூட, பஞ்சுபோன்ற பொருளைத் தோலுக்குள் அடைத்த மெத்தைகளை விசைகளில் பொருத்தினார்.

1812-ஆம் ஆண்டு அதனைப் பாரிஸ் இசைக் கல்லூரியின் அறிஞர் குழுமுன் வைத்தார். குழு ஏற்கவில்லை. ஒவ்வொரு சுருதிக் கிளாரினெட்டுக்கும் தனித்தனிக் குரல்வண்ணம் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் அவ்வண்ணங்கள் மறைந்துபோகும் என்பது அவர்கள் கூறிய காரணம். முல்லரின் கருவி பின்னர் ஐரோப்பாவெங்கும் பரவியது. ஆகவே அக்குழுவைப் பழமைவாதிகள் என்று எள்ளி நகையாடுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. இன்றும் மேனாட்டு வாத்தியக் குழுவில் அமரும் கிளாரினெட் கலைஞர் ஏ ஒன்றும் பி-பிளாட் ஒன்றுமாக இரண்டு கருவிகளை உடன் கொண்டுவருகிறார். புதியவர் ஒரு நன்மையைக் கண்டார். பழையவர் ஒரு நட்டத்தைக் கண்டார். இருவர் கண்டதும் உண்மையே.

பெயர் ஒருவருக்கு, உழைப்பு வேறொருவருக்கு

இன்று பெருவழக்கிலுள்ள கிளாரினெட்டைப் 'போம் அமைப்பு' என்கின்றனர். தியோபால்ட் போம் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தவர், புல்லாங்குழலைச் சீர்திருத்தியவர். விரல் துளையை மூடும்போதே அதைச் சூழ்ந்த வளையமும் தாழ்ந்து, தொலைவிலுள்ள வேறொரு துளையையும் மூடும் வளைய விசைகளை 1832-ஆம் ஆண்டு தம் புல்லாங்குழலில் அமைத்தார். கிளாரினெட்டை அவர் தொடவேயில்லை! அக்கருத்தைக் கிளாரினெட்டுக்குக் கொண்டுவந்தவர்கள், பாரிஸ் இசைக் கல்லூரி ஆசிரியர் யாசின்த் குளோசே என்பாரும் கருவிக் கைவினைஞர் லூயி ஓகுஸ்த் புஃபே என்பாரும் ஆவர். 1839-இல் தொடங்கிய அவர்தம் முயற்சி 1844-இல் காப்புரிமை பெற்றது. பதினேழு விசைகளும் ஆறு வளையங்களும் கொண்ட இன்றைய கருவி அதன் வழிவந்ததே. உழைத்தவர் இருவர்; பெயரோ மூன்றாமவருக்கு!

இதிலும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. ஜெர்மானியர் பெயர் தாங்கிய இந்த அமைப்பைப் பிரான்சும் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஏற்றன, ஜெர்மனி ஏற்கவில்லை. முல்லரின் வழியைப் பின்பற்றிக் கார்ல் பேர்மன், ஆஸ்கர் ஓலர் ஆகியோர் திருத்திய வேறோர் அமைப்பே ஜெர்மானிய, ஆஸ்திரிய வாத்தியக் குழுக்களில் இன்றும் கோலோச்சுகிறது. தமக்கு வேண்டிய குரல் அதில்தான் உள்ளது என்பது அவர்கள் துணிபு. இசையமைப்பதை நிறுத்திவிடலாம் என்றிருந்த பிராம்ஸ், 1891-இல் மைனிங்கன் நகரில் ரிச்சர்ட் முல்ஃபெல்ட் என்பாரின் கிளாரினெட்டைக் கேட்டு மனம் மாறினார். கிளாரினெட் குவின்டெட் முதலிய அரிய படைப்புகள் அவ்வாறு பிறந்தன. முல்ஃபெல்ட் வாசித்தது பேர்மன் அமைப்புக் கருவி. அதாவது, குளோசேயின் 'முன்னேறிய' கருவி வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய வழியில் நின்ற கருவி!

நழுவும் சுரங்கள்

பெல்ஜியத்தில் யூஜின் ஆல்பர்ட் என்பவர் செய்த எளிய அமைப்பின் கதையும் இத்தகையதே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடையே ஜாஸ் இசை வளர்ந்தபோது ஜானி டாட்ஸ், பார்னி பிகார்ட் போன்ற கலைஞர்கள் இவ்வமைப்பையே கையாண்டனர். துருக்கியில் இன்றும் ஜி சுருதியில் அமைந்த ஆல்பர்ட் வகைக் கிளாரினெட்தான் செல்வாக்குடன் விளங்குகிறது. சுரத்திற்கும் சுரத்திற்கும் இடையே நழுவிச் செல்வதே அங்கெல்லாம் இசைக்கு உயிர். விரல் நேரடியாகத் துளையைத் தொட்டால் மெல்ல மெல்ல அதைத் திறக்கலாம். விசை மூடும், அல்லது திறக்கும்.

1924-ஆம் ஆண்டு நியூயார்க்கில் கெர்ஷ்வினின் 'ராப்சொடி இன் புளூ' அரங்கேறியது. அதன் தொடக்கத்தில் கிளாரினெட் கீழிருந்து மேலே ஒரே இழுப்பாக ஏறும். ஒத்திகையில் ராஸ் கோர்மன் என்னும் கலைஞர் வேடிக்கையாக அவ்வாறு இழுக்க, கெர்ஷ்வின் அதனையே வைத்துக்கொண்டார் என்பர். மேனாட்டார் வியந்து கேட்ட அந்த இழுப்பை நம் வித்துவான்கள் ஜாரு என்பார்கள். விரலை நழுவவிட்டும் உதட்டின் பிடியைத் தளர்த்தியும் பிறப்பது அது. கிளாரினெட்டில் கமகம் பேசாது என்போர்க்கு இதைவிட விடை வேண்டுவதில்லை.

அப்படியானால் குளோசேயின் உழைப்பு வீணா என்று கேட்கலாம். இல்லவே இல்லை. சுருதிக்குச் சுருதி தாவும் மேனாட்டு இசைக்கு, விரைந்து ஓடும் சுரக்கோவைகளுக்கு, அவர் அமைப்பே உற்ற துணை. அவரவர் இசைக்கு அவரவர் கருவி. கிளாரினெட்டின் வளர்ச்சி ஏணிப்படி போன்றதன்று. பல கிளைகளாய்ப் படர்ந்த மரம் போன்றது.

தமிழ் மண்ணில்

அம்மரத்தின் கிளை ஒன்று தஞ்சையிலும் தழைத்தது. இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில் (1798-1832) அரசவையில் மேனாட்டு பேண்டு இசை முழங்கியது. வயலின் அக்காலத்தில்தான் பாலுசாமி தீட்சிதர், வடிவேலு ஆகியோர் கையில் கருநாடக இசைக்குரியதாயிற்று. கிளாரினெட் சதிர் ஆட்டத்தின் சின்ன மேளத்தில் முகவீணையின் இடத்தைப் பெற்றது. அதனைக் கொண்டுவந்தவர் மகாதேவ நட்டுவனார் என்பது மரபுவழிச் செய்தி. ஆடுபவர்க்குப் பின்னே நின்றபடி, பாடகர் குரலோடு இழைந்து பதத்தையும் வர்ணத்தையும் அது பாடியது. பரதக் கலையரசி பாலசரஸ்வதியின் குழுவிலும் அக்குரல் ஒலித்தது.

பிறகு என்ன நேர்ந்தது? 1947-இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. தீயதொரு வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால், ஆட்டம் சபா மேடைக்கு ஏறியபோது, அதனை ஊட்டி வளர்த்த குடும்பத்தினர் பலர் கீழேயே நின்றுவிட்டனர். அவர்களோடு கிளாரினெட்டும் படிப்படியாக மேடையை விட்டு இறங்கியது. அதன் இடத்தில் புல்லாங்குழலும் வயலினும் அமர்ந்தன. அக்கருவியில் இன்ன சுரம் பேசவில்லை, இன்ன கமகம் வரவில்லை என்று எவரும் எடுத்துக்காட்டி அதனை நீக்கியதாகத் தெரியவில்லை. வாசித்தவர் எவர், எங்கே வாசித்தார் என்பதே அதன் தலைவிதியை முடிவு செய்தது என்பேன்.

கருவியில் குறையில்லை என்பதைத் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் தம் வாழ்நாள் சாதனையால் மெய்ப்பித்தார். நாதசுரமும் பயின்ற அவர், அந்த வழியிலேயே ராக ஆலாபனையைக் கிளாரினெட்டில் பொழிந்தார். தவில் முழங்க அவர் வாசித்தபோது, விசைகள் இருப்பதையே கேட்பவர் மறந்தனர். நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அவரைக் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று போற்றினார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 2008-ஆம் ஆண்டும், பத்மஸ்ரீ விருது 2022-ஆம் ஆண்டும் அவரை நாடி வந்தன. மேனாட்டார் நூறாண்டு உழைத்து விசைகளைச் சேர்த்தனர். தமிழர் ஒருவர் அவ்விசைகளுக்கிடையே நழுவிச் செல்லும் வழியைக் கண்டார். இரண்டுமே கிளாரினெட்டின் வளர்ச்சிதான்.

நாம் செய்யத்தக்கது

வயலின் நமதாகி இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. அதனை அந்நியக் கருவி என்று இன்று எவரும் சொல்வதில்லை. கிளாரினெட்டும் நம்மிடையே நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த கருவியே. வயலினுக்குக் கிடைத்த அரியணை அதற்குக் கிடைக்கவில்லை. அரியணை இல்லாவிடினும் பாயில் ஓர் இடமாவது தரவேண்டாமா?

நம் ஊர்களில் திருமண ஊர்வலத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு போய் மின்விளக்கு வந்துவிட்டது. அதன் ஒளியில் கிளாரினெட் ஊதிச் செல்லும் கலைஞரை மட்டும் இன்னும் 'பேண்டுக்காரர்' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். அவருள் கீர்த்தனை அறிந்தவர் உண்டு; தந்தை வழியாகச் சதிர்ப் பதங்களைக் கேட்டு வளர்ந்தவரும் இருக்கக்கூடும். ஊர்வலம் முடிந்ததும் அவர் பந்தியின் கடைசியில் அமர்ந்து உண்டு போகிறார். அவரிடம் ஒரு ராகம் வாசிக்கச் சொல்லிக் கேட்க நமக்கு நேரமில்லை. அவர் பிள்ளை அக்கருவியைத் தொடுவானா என்பது ஐயமே. ஒரு கலை மறைவது இப்படித்தான். யாரும் அதனை அழிப்பதில்லை, யாரும் கேட்பதில்லை, அவ்வளவே.

ஆகவே என் கருத்துகள் இரண்டு. இசைக் கல்லூரிகளும் நடனப் பள்ளிகளும் கிளாரினெட்டைக் கருநாடக இசைக்கருவியாகவே ஏற்றுப் பயிற்றவும் மேடையேற்றவும் முன்வர வேண்டும். அதற்கு முன்னோடியாக, நம் கல்லூரியின் நுண்கலை மன்றம் இந்நகரத்துக் கிளாரினெட் கலைஞர் ஒருவரை அழைத்து, நாற்காலியிலோ பாயிலோ மதிப்புடன் அமரவைத்து, ஒரு மணி நேரம் கேட்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. இயற்பியல் துறையினரும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய உண்டு.

முடிவுரை

கருவியில் எத்தனை விசைகள் என்று எண்ணுவது எளிது. அது எங்கே பிறந்தது என்று கேட்பது அதனினும் எளிது. டென்னரின் இரண்டு விசையும், மொஸார்ட் போற்றிய சில விசையும், குளோசேயின் பதினேழு விசையும், துருக்கியர் கைவிடாத பழைய அமைப்பும், திருச்சியில் கமகம் பேசிய குழலும் நமக்கு ஒன்றையே உணர்த்துகின்றன. எந்த இசைக்கு எது வேண்டும் என்று அறிந்து, அதனை உழைப்பால் அடைவதே வளர்ச்சி. கருவிக்கு மட்டுமின்றிக் கல்விக்கும் இது பொருந்தும். கருவியை எடைபோடுமுன் அதனைக் காதால் கேட்போமாக! கேட்டபின் அதற்குரிய இடத்தை மனமுவந்து அளிப்போமாக!